முழங்கை மடிப்பில் மாமனார்

நாற்பத்து நான்கு வயதில் ஒருவன் ஜிம்மில் சேர்ந்தால், ஒன்று டாக்டர் மிரட்டியிருப்பார், இல்லை கண்ணாடி மிரட்டியிருக்கும் என்று நினைப்பார்கள். என் விஷயத்தில் இரண்டும் இல்லை. எனக்கு என் மாமனாரைத் தூக்கத் தெரியவில்லை. அதற்காகத்தான் சேர்ந்தேன்.

மாமாவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். காலையிலும் சாயங்காலமும் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு அவரை மாற்றும்போது நானும் என் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். அவள் சிட்லபாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நான் தாம்பரத்துக்கும் முடிச்சூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஆகவே மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரை எழுப்பி உட்கார வைக்கிற வேலை என்னுடையது. ஆட்டோவை வாசலில் விட்டுவிட்டு வந்து, தனி ஆளாக.

நான் பயந்த ஆள். இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை. எட்டாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்கு ஒரு நாள் போகவில்லை. மறுநாள் போனால் "நேத்து ஏன் வரல" என்று கேட்பார்களே என்று பயந்து மறுநாளும் போகவில்லை. அப்படியே முப்பது வருஷம் ஓடிவிட்டது. ஆட்டோவும் அப்படித்தான் ஓட்டுகிறேன். என் வண்டியில் ஏறுகிற கல்லூரிப் பெண்கள், "அண்ணா, நாங்க வேணா எறங்கி முன்னாடி நடந்து போய் வழி கிளியர் பண்ணட்டுமா?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வராது. ஒரு கணம் அதையும் யோசித்துப் பார்ப்பேன்.

மாமா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். எட்டாவதோடு நின்ற ஒருவனுக்கு எப்படிப் பெண் கொடுத்தீர்கள் என்று சர்ச்சில் யாராவது கேட்டால், "ஸ்டெப் எல்லாம் கரெக்டாதான் போட்டேன், ஆன்சர் இப்படி வந்துருச்சு" என்பார். பக்கவாதத்துக்குப் பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக, மெதுவாக வருகின்றன. ஆனால் குத்த வேண்டிய இடத்தில் குத்திவிட்டுத்தான் நிற்கின்றன.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அது நடந்தது. அவரைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, இடுப்பிலிருந்து குனிந்து ஒரு இழு இழுத்தேன். அவர் பாதி எழுந்தார். என் முதுகுக்குள் ஏதோ பட்டென்று பிடித்துக்கொண்டது. நான் மெதுவாகப் பின்னால் சரிய, அவர் என் மேல் சரிய, இருவரும் தரைக்கு வந்து சேர்ந்தோம்.

"மாமா, அடி பட்டுச்சா?"

"உன் மேலதான... விழுந்தேன். எனக்கென்ன."

எப்படியோ நகர்ந்து அவர் தலைக்கு ஒரு தலையணையை இழுத்துப் போட்டேன். அதற்கு மேல் என்னால் அசைய முடியவில்லை. போன் சட்டைப்பையில்தான் இருந்தது. யாரைக் கூப்பிடுவது? மனைவியைக் கூப்பிட்டால் பதறிப்போய் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டுவாள். மாடி வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர். ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் கூட்டாளியைக் கூப்பிட்டால் சாயங்காலத்துக்குள் முடிச்சூர் வரை செய்தி போய்விடும்.

"யாரையாவது கூப்பிடு," என்றார் மாமா.

"யோசிச்சிட்டு இருக்கேன் மாமா."

"அரை மணி நேரமா?"

ஒன்றரைக்கு மனைவியே கூப்பிட்டாள். தினமும் கூப்பிடுகிற நேரம்.

"அப்பா சாப்பிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"ஏங்க?"

"கீழ உட்கார்ந்திருக்கோம்."

"கீழயா? எதுக்குக் கீழ?"

"சும்மாதான்."

நான் சும்மா எதையும் செய்கிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருபது நிமிஷத்தில் வந்துவிட்டாள். பயந்தபடியே வேகமாகத்தான் ஓட்டி வந்திருந்தாள்.

அன்று ராத்திரி பெங்களூரில் இருக்கும் அவள் அண்ணனிடம் பேசினாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. கோவளம் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, தூக்கி இறக்க ஆள் இருக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறார், கடல்காற்று வரும் என்றார். "மச்சான குறை சொல்லல. இன்னொரு தடவ விழுந்தா இடுப்பெலும்பு போயிரும். நான் கிறிஸ்மஸுக்கு வரேன். வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்." பக்கத்து அறையில் மாமா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மறுநாள் காலையில் காபியை வாங்கிக்கொண்டு என்னிடம் மட்டும் சொன்னார்: "கடல்காத்து... எனக்கு ஒத்துக்காது."

அவர் எங்கள் வீட்டை விட்டுப் போகாமல் இருப்பது என் முதுகில் இருந்தது. என் முதுகோ கட்டிலில் இருந்தது.

மூன்று வாரத்தில் முதுகு சரியானது. மாமாவுக்குப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மா, நான் எப்படித் தூக்கினேன் என்பதை ஒரு தலையணையை வைத்துச் செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். தலையணையே பயந்திருக்கும். "முதுகால தூக்கறீங்க. காலால தூக்கணும். உங்களுக்குக் கால்ல பலமே இல்ல, நாள் முழுக்க ஆட்டோவுல உக்கார்றீங்க. ஜிம்முக்குப் போய் ஒழுங்கா ஸ்குவாட் கத்துக்கோங்க. அதுவரைக்கும் மத்தியானம் மாடி வீட்டு அண்ணனையும் கூப்பிட்டுக்கோங்க," என்றார்.

ஜிம் பெருங்களத்தூரில் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. மூன்று நாள் படிக்கட்டு வரை போய்த் திரும்பினேன். நான்காம் நாள் மெத்தைக் கடைக்காரர் "என்ன சைஸ் பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டதால், வேறு வழியில்லாமல் மேலே ஏறிவிட்டேன்.

டிரெயினருக்கு இருபத்தாறு வயது இருக்கும். பழைய பல்லாவரத்துக்காரர். அவர் கை என் தொடை அளவுக்கு இருந்தது.

"இன்னாண்ணா கோல்? வெயிட்டு கொறைக்கணுமா, ஏத்தணுமா?"

"மாமனாரத் தூக்கணும்."

"தூக்கிகினு எங்க போணும்?"

"எங்கயும் இல்ல. கட்டில்லேர்ந்து சேருக்கு."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். முதல் மாதம் வெறும் பெஞ்சு ஒன்றைப் பின்னால் போட்டு, அதில் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொன்னார். உட்கார்ந்து எழுவதற்கு மாதச் சந்தா கட்டுகிறோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் எனக்கு உட்காரவே தெரியவில்லை என்பது இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. கடைசி நாலு விரற்கடைக்கு நான் உட்காரவில்லை, விழுந்தேன்.

"தொபக்கடீர்னு வுழாதண்ணா. பெஞ்ச தொடு. தொட்டுகினு நில்லு. அப்பால எழுந்திரு. முட்டி உள்ள வருது பாரு, கால் வெரல் எந்தப் பக்கம் கீதோ அந்தப் பக்கமே முட்டியும் போணும். குதிகால் தூக்காத."

பிறகுதான் 'பார்' என்கிற அந்த நீள இரும்புக் கம்பி. பாரைத் தோளில் வைத்து உட்காருவதுதான் ஊரெல்லாம் செய்வது. என் வேலைக்கு அது சரிப்படாது என்று டிரெயினர் முடிவு செய்தார். முழங்கை இரண்டையும் மடித்து, மடிப்புக்குள் பாரை ஏந்தி, நெஞ்சுக்குக் கீழே வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும். அதற்கு ஏதோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் உண்டு, என் வாயில் நிற்கவில்லை. அந்த ஜிம்மில் எல்லாரும் அதைக் "கொழந்த ஸ்குவாட்" என்றார்கள். குழந்தையை ஏந்துகிற மாதிரி இருப்பதால். முழங்கையில் அழுத்தாமல் இருக்க பாருக்கு ஒரு தடித்த ஸ்பாஞ்சு உறை போட்டுக்கொள்வோம்.

பாரைத் தவறவிட்டால் தாங்கிக்கொள்ள, அதை மாட்டி வைக்கும் ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பிகள் உண்டு. முழுக்க உட்கார்ந்தால் பார் எங்கே வருமோ, அதற்கு இரண்டு விரற்கடை கீழே அவற்றை மாட்ட வேண்டும். நான் என் வயிற்று உயரத்துக்கு மாட்டினேன். பாரை ஏந்தி முட்டியை லேசாக மடக்கியதுமே அது கம்பியில் போய்ப் படுத்துக்கொண்டது. பத்து முறை செய்தேன். மூச்சுகூட வாங்கவில்லை. இவ்வளவு சுலபமா என்று பெருமையாக இருந்தது.

"அண்ணா," என்றார் டிரெயினர், "இது ஸ்குவாட் இல்ல. நீ பாருக்கு வணக்கம் சொல்லிகினு கீற."

கம்பியை இறக்கினோம். அதன் பிறகு அது இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று நான் நாலு முறை பார்ப்பது வழக்கமானது. என் பின்னால் காத்திருப்பவர்கள் அதற்குள் வேறு உடற்பயிற்சியை முடித்துவிட்டு வந்துவிடுவார்கள்.

மூச்சுதான் பெரிய பாடு. கீழே போகும் முன் வயிறு நிறையக் காற்றை இழுத்து, வயிற்றை இறுக்கிப் பிடித்து, மேலே வந்த பிறகுதான் விட வேண்டும். அதை வீட்டில் பழகினேன். மாமாவின் கட்டிலுக்கு எதிரே நின்று, இல்லாத பாரை ஏந்திக்கொண்டு, காற்றை அடக்கி, உட்கார்ந்து எழுந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ள."

காற்றை விட்டேன். "சொல்லுங்க மாமா."

"காத்து வயித்துக்குப் போகணும். உனக்குக் கன்னத்துல... நிக்குது. தவள மாதிரி."

உண்மைதான். கண்ணாடியில் பார்த்தேன்.

செப்டம்பர் கடைசியில் எடை மாட்டாத வெறும் பார். அக்டோபரில் முப்பது கிலோ, அப்புறம் நாற்பது. எனக்கே என் மேல் ஒரு சின்ன மரியாதை வர ஆரம்பித்தது. அந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது.

எங்கள் ஆட்டோ ஸ்டாண்டிலும் வருஷா வருஷம் பூஜை போடுவார்கள். எல்லா வண்டிக்கும் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். நான் சர்ச்சுக்குப் போகிறவன் என்று தெரியும், ஆனாலும் என் வண்டியை விட மாட்டார்கள். "வண்டி எந்த மதம்னு அதுக்குத் தெரியுமாடா, தள்ளு," என்று அவர்களே பொட்டு வைத்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்கும். பொரி கடலையும் பிடிக்கும். ஆனால் அந்தச் சந்தனத்தை நான் ஒருபோதும் துடைத்ததில்லை. நான் துடைப்பதை யாராவது பார்த்துவிட்டால்? மத்தவர்கள் துடைத்தால் அது வண்டியைச் சுத்தம் பண்ணுவது. நான் துடைத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடாதா? ஆகவே நவம்பர் மழை வந்து கழுவும் வரை என் வண்டிக் கண்ணாடியில் மூன்று பொட்டு இருக்கும்.

பூஜைக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜிம்முக்குப் போனேன். யாரும் இல்லை. டிரெயினர் மட்டும் உள்ளே எங்கோ பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அங்கேயும் பூஜை போட்டிருந்தார்கள்; ஸ்டாண்டில் இருந்த பாருக்கு நடுவிலும் இரண்டு பக்கமும் சந்தனத்தை அள்ளிப் பூசியிருந்தார்கள். சரியாக என் முழங்கை வருகிற இடங்கள். நடுவில் ஒரு பெரிய குங்குமப் பொட்டு.

துடைக்கலாமா? மேலே பார்த்தேன். கேமரா. சர்ச்சுக்குப் போகிற ஆள் விடியற்காலையில் தனியாக வந்து பூஜைச் சந்தனத்தை அழிப்பது அதில் பதிவாகும். எனக்கு வியர்த்தது. சரி, ஸ்பாஞ்சு உறையைப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், உறை போட்டாலும் சந்தனம் அழியும். உறையும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். கம்பிகளை நாலு முறை பார்த்தேன். நாற்பத்தைந்து கிலோவை, சந்தனம் குங்குமத்தோடு, வெறும் முழங்கையில் ஏந்திக்கொண்டேன்.

முதல் முறை எழுந்துவிட்டேன். வியர்வையும் சந்தனமும் சேர்ந்து குழைந்ததை உணர்ந்தேன். இரண்டாம் முறை கீழே போனபோது, பார் என் முழங்கை மடிப்பிலிருந்து மெதுவாக முன்னால் நகர்ந்தது. வயிற்றை விட்டு ஒரு விரற்கடை. பிறகு ஒரு சாண். ஒரு சாண் தள்ளிப்போனதும் நாற்பத்தைந்து கிலோ திடீரென்று தொண்ணூறு கிலோ ஆனது. கை வழியாக வழுக்கிக்கொண்டு போய்க் குறுக்குக் கம்பி மேல் விழுந்தது. அந்தச் சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்டிருக்கும். நான் பின்பக்கமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு முன்னங்கையிலும் சந்தனம். பூஜை எனக்குத்தான் நடந்த மாதிரி இருந்தது.

டிரெயினர் பிரஷ்ஷும் நுரையுமாக ஓடி வந்தார்.

"இன்னாண்ணா ஆச்சு? கால்ல வுழுந்துச்சா?"

"இல்ல. சந்தனம்..."

"தொடச்சிட்டு எடுக்க வேண்டிதான?"

"நான் தொடச்சா தப்பா நினைப்பீங்களோன்னு..."

"யாரு? நானா, பாரா?" அவர் நுரையைத் துப்பிவிட்டு வந்தார். "பூஜ நேத்தே முடிஞ்சிச்சி. நானே ஈரத் துணிய தேடிகினு கீறேன். ஒரு வார்த்த கேட்டுருக்கலாமுல்ல. கையி ஒடிஞ்சிருந்தா? உன் மாமனார யாரு தூக்குவா, என் மாமனாரா?"

"உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆவல. அதான் சொல்றேன்."

ஈரத் துணியை என் கையில் கொடுத்தார். நான் அந்தப் பாரைத் துடைத்தேன். பிறகு மற்ற இரண்டு பாரையும் துடைத்தேன். டம்பெல்களையும் துடைத்தேன். கேமராவைப் பார்த்துக்கொண்டேதான் துடைத்தேன்.

துடைக்கும்போது அவர் சொன்னது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. "வழுக்குனதால மட்டும் வுழல. வயித்த வுட்டு தள்ளிப் போச்சு பாரு, அதான் வுழுந்துச்சி. ஒட்டிகினு இருந்தா உன் வெயிட்டோட வெயிட்டா இருக்கும். தள்ளிப் போனா உன்ன இழுத்துகினு பூடும்."

இத்தனை நாளாக மாமாவை நான் எப்படிப் பிடித்தேன் என்று யோசித்தேன். கையை மட்டும் நீட்டி. நெஞ்சு அவர் மேல் படாமல். நடுவில் ஒரு சாண் இடம் விட்டு. மாமனார், அதிலும் கணக்கு வாத்தியார். அவர் முன்னால் நான் லுங்கியை மடித்துக்கூடக் கட்டியதில்லை. அவரை எப்படி இறுக்கிக் கட்டிப்பிடிப்பது?

அன்று மத்தியானம் கட்டில் பக்கத்தில் நின்று, இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்.

"மாமா, கட்டிப் பிடிச்சுதான் தூக்கணும் போல இருக்கு."

"இவ்வளவு நாள்... ஏன் பிடிக்கல?"

"மரியாதைக்குத்தான்."

"மேல விழுந்தனே. அப்ப மரியாத... எங்க இருந்துச்சு?"

மாடி வீட்டு அண்ணன் ஒரு பக்கம் தயாராக நிற்க, மாமாவின் இடது கையை என் தோளில் போட்டு, இரண்டு கையையும் அவர் முதுகில் கொண்டுபோய்க் கோத்து, நெஞ்சோடு நெஞ்சாகப் பிடித்தேன். அவர் தாடி என் கழுத்தில் குத்தியது. பவுடர் வாசனை. பெஞ்சில் உட்காருவது போல இடுப்பைப் பின்னால் தள்ளி, வயிற்றை இறுக்கி, குதிகாலை அழுத்தி எழுந்தேன். அவரும் எழுந்தார். மாடி வீட்டு அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நவம்பரில் அவரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி பெங்களூரிலிருந்து மச்சான் வந்தார். கேக் டப்பாவோடு அந்த இல்லத்தின் விண்ணப்பப் படிவமும் வந்தது. போனில் படங்களைக் காட்டினார். நல்ல இடம்தான். ஜன்னலுக்கு வெளியே கடல். என் மனைவி பார்த்துவிட்டுப் போனை அவள் அப்பாவிடம் நீட்டினாள். மாமா படத்தைப் பார்க்காமல் போன் உறையைப் பார்த்தார்.

"மத்தியானம் நீ எப்படித் தூக்கறன்னு பாக்கறேன் மச்சான்," என்றார் அவர். "மனசுல எதுவும் வச்சுக்காத. எனக்கு நிம்மதியா இருக்கணும், அவ்வளவுதான்."

பன்னிரண்டரைக்குச் சக்கர நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்வாகப் போட்டேன். பிரேக்கைப் பூட்டினேன். ஆட்டிப் பார்த்தேன். மறுபடி பூட்டினேன். மாமாவின் பாதங்களைத் தரையில் வைத்தேன். திரும்பவும் பிரேக்கைப் பார்த்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் மாமா. "புது வருஷமே... வந்துரும்."

கட்டிப்பிடித்தேன். காற்றை இழுத்தேன். எழுந்தேன். பாதி எழுந்தபோது, அவருடைய வலது பாதம் உள்பக்கமாக மடங்கியிருப்பது தெரிந்தது. அப்படியே திருப்பினால் முட்டி முறுக்கிக்கொள்ளும். உட்கார்ந்திருந்த மச்சான் துள்ளி எழுந்தார். என் மனைவி "ஏங்க!" என்றாள்.

"யாரும் வராதீங்க," என்றேன். என் வாழ்க்கையில் நான் யாருக்கும் போட்ட முதல் உத்தரவு அதுதான் என்று நினைக்கிறேன்.

விழவில்லை. இழுக்கவும் இல்லை. எழுந்த வழியிலேயே, அவரை ஒட்டிப் பிடித்தபடி, மெதுவாக இறங்கினேன். கட்டில் ஓரத்தைத் தொட்டார். நின்றேன். உட்கார வைத்தேன். குனியாமல் முட்டி போட்டு, அந்தப் பாதத்தைத் திருப்பி நேராக வைத்தேன். மறுபடி பிடித்தேன், எழுந்தேன், இரண்டு சின்ன அடி வைத்துத் திரும்பி, நாற்காலியில் இறக்கினேன். அதன் பிறகுதான் காற்றை விட்டேன்.

மச்சான் கிட்டே வந்து நாற்காலியின் பிரேக்கைத் தானும் ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"முதல் தடவ ஏன் எறக்கிட்ட?"

"கால் மடங்கியிருந்துச்சு."

"பாதியில எப்படி நிறுத்தின?"

"அதத்தான் நாலு மாசமா சொல்லிக் குடுத்தாங்க. எழுந்திருக்கறது ஒரு மாசத்துல வந்துருச்சு."

அவர் மாமாவின் நாற்காலிக்கு முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நீங்க என்னப்பா சொல்றீங்க?"

"சாப்பாடு போடச் சொல்லு," என்றார் மாமா. "பசிக்குது."

மனைவி சாப்பாடு எடுக்க உள்ளே போனாள். போகிற வழியில் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். ஆகஸ்டில் பட்டென்று பிடித்துக்கொண்ட அதே இடத்தில். வலிக்கிறதா என்று ஒரு நிமிஷம் நின்று கவனித்தேன். வலிக்கவில்லை.

மச்சான் அந்தப் படிவத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. இரண்டாக மடித்துப் பைக்குள் திரும்ப வைத்தார்.

"சரி. ஜூன் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

மனைவி கொண்டுவந்து வைத்த சோற்றைப் பார்த்தபடியே மாமா கேட்டார்: "எந்த வருஷ... ஜூன்?"